கீபோர்டு வாங்கியாச்சு, அப்புறம்? டிரான்ஸ்போஸ் முதல் மிடி வரை... வீட்டிலேயே செட் பண்ண ஒரு முழு விளக்கம்

பல வீடுகளில் பீரோ மேலே பார்த்தால் நீளமாக ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். உள்ளே கீபோர்டு. பிள்ளை ஆசைப்பட்டான் என்று கோடை விடுமுறையில் வாங்கியது, அல்லது முதல் சம்பளத்தில் தனக்காகவே வாங்கியது. முதல் வாரம் டெமோ பாட்டு ஓடும். இரண்டாவது வாரம் ஒரு சினிமா பாட்டின் முதல் வரி வரும். மூன்றாவது மாதம் பெட்டி பீரோ மேலே ஏறிவிடும்.

"திறமை இல்லை", "பொறுமை இல்லை" என்று காரணம் சொல்வது சுலபம். பெரும்பாலும் காரணம் அதைவிடச் சின்னது. அந்தக் கருவியை யாரும் சரியாக செட் பண்ணிக் கொடுக்கவில்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் டெலிவரி ஊழியர் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். கூட வரும் கையேட்டில் ஆங்கிலம் இருக்கும், இந்தி இருக்கலாம், தமிழ் அனேகமாக இருக்காது. நூற்றுக்கணக்கான ஒலிகளும் தாளங்களும் உள்ள ஒரு கருவியில், முதல் நாள் தொட வேண்டியவை ஐந்தாறு செட்டிங்தான். அது எவை என்று தெரியாததால்தான் பத்தாயிரம் ரூபாய் பொருள் பீரோ மேலே போகிறது.

அந்த ஐந்தாறு செட்டிங் என்ன, வாங்கும் முன் எதைக் கேட்க வேண்டும், இதில் அரசு செய்ய வேண்டியது என்ன? விருத்தாசலத்தை வைத்தே பார்ப்போம்.

ஏன் விருத்தாசலம்?

சென்னையில் இருப்பவருக்கு இந்தக் கேள்விகள் பெரிய பிரச்சினை இல்லை. அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இருக்கிறது. ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. பக்கத்துத் தெருவிலேயே ஒரு கீபோர்டு வகுப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

விருத்தாசலம் வேறு மாதிரி ஊர். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயில், சென்னை - திருச்சி ரயில் பாதையில் பெரிய ஜங்ஷன், அப்புறம் பீங்கான். அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை பியூஸ் கட்டை என்று இங்கே தயாரானவை தமிழ்நாடு முழுக்கப் போயிருக்கின்றன. பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டை உண்டு. பீங்கான் தொழில்நுட்பத்தை டிப்ளமா படிப்பாகச் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் உண்டு.

இசைக்கு? அருகில் உள்ள அரசு இசைப்பள்ளி கடலூரில், சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட இசைப்பள்ளிகளின் பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். நல்ல பாடங்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலில் கீபோர்டு இல்லை. இன்று நடுத்தர வீடுகளில் அதிகம் வாங்கப்படும் வாத்தியங்களில் ஒன்றுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. ஆக, இந்த மாதிரி ஊர்களில் கீபோர்டு கற்பவருக்கு மூன்றே வழி: தேவாலயப் பாடகர் குழு, மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஒரு அண்ணன், யூடியூப்.

மூன்றுமே நல்ல வழிகள்தான். ஆனால் மூன்றிலும், "முதலில் கருவியை இப்படி வை" என்று சொல்லும் முதல் பாடம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

வாங்கும் முன்: கீபோர்டா, டிஜிட்டல் பியானோவா?

கடையில் இரண்டுமே ஒரே மாதிரி தெரியும். ஆனால் வேறு வேறு கருவிகள்.

பியானோவில் 88 கட்டைகள். டிஜிட்டல் பியானோவிலும் அதே எண்ணிக்கைதான். அழுத்தும்போது நிஜ பியானோ போலவே கனமாக இருக்கும். 'வெயிட்டட் கீஸ்' என்பது அதைத்தான். சாதாரண கீபோர்டில் பெரும்பாலும் 61 கட்டைகள், அதாவது ஐந்து ஸ்தாயி. லேசான பிளாஸ்டிக், ஸ்பிரிங் போல எழும்பும். ஆனால் தாளம், பின்னணி இசை, நூற்றுக்கணக்கான ஒலிகள் எல்லாம் இதில்தான் அதிகம். 44 அல்லது 49 சிறிய கட்டைகளோடு வருவது சின்னக் குழந்தைக்கு விளையாட்டுப் பொருள். கற்றுக்கொள்ள அது போதாது.

எதை வாங்குவது? கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: எதற்காக வாங்குகிறீர்கள்?

சினிமா பாட்டு, பக்திப் பாடல், குழுவோடு வாசிப்பது என்றால் 61 கட்டை கீபோர்டு போதும். வாங்கும்போது ஒரே ஒரு வார்த்தையைத் தேடுங்கள்: 'டச் ரெஸ்பான்ஸ்' அல்லது 'டச் சென்சிட்டிவ்'. மெதுவாக அழுத்தினால் மெல்லிய சத்தம், வேகமாக அழுத்தினால் பெரிய சத்தம் என்பதுதான் அது. மிகக் குறைந்த விலை மாடல்கள் சிலவற்றில் இது இருக்காது. எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். சில ஆயிரம் மிச்சம் பிடிக்க இதை விட்டால், விரல் பழகும் வாய்ப்பையே விட்டதாக அர்த்தம்.

டிரினிட்டி காலேஜ் லண்டன் போன்ற அமைப்புகளின் கிரேடு தேர்வு எழுத வேண்டும் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனிப் பாடத்திட்டம். இரண்டும் ஒன்றல்ல. 61 கட்டை கீபோர்டை வாங்கிவிட்டு பியானோ கிரேடுக்குப் படித்தால், கொஞ்ச காலத்தில் கட்டை போதாது, பெடல் போதாது, விரல் பலமும் போதாது. எந்தத் தேர்வு என்று ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். அப்புறம் பணத்தை எடுங்கள். மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்பது இந்த ஊர்ப் புராணம். நமக்கு அந்த வசதி இல்லை. ஆற்றில் போட்டதை ஆற்றில்தான் தேட முடியும்.

இன்னொரு விஷயம். கேசியோவில் மாடல் பெயர் 'ஐஎன்' என்று முடிபவையும், யமஹாவில் 'பிஎஸ்ஆர்-ஐ' வரிசையும் இந்தியச் சந்தைக்காக வந்தவை. தபலா, தம்புரா, இந்தியத் தாளங்கள் இவற்றில் இருக்கும். நம் பாட்டு வாசிக்க நினைப்பவர் இதைக் கேட்டு வாங்கலாம்.

முதல் நாள்: இடம், உயரம், மின்சாரம்

கட்டில் மேல் வைத்து வாசிப்பது, தரையில் வைத்துக் குனிந்து வாசிப்பது, இரண்டுமே வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து கையை வைத்தால் முழங்கை கட்டைகளின் மட்டத்தில், அல்லது துளி மேலே இருக்க வேண்டும். மணிக்கட்டு தொங்கவும் கூடாது, மேலே வளையவும் கூடாது. இதற்கு விலை உயர்ந்த ஸ்டாண்ட் அவசியமில்லை. ஆடாத மேசை ஒன்றும் சரியான உயரத்தில் ஒரு ஸ்டூலும் இருந்தால் போதும்.

முக்கியமாக, கருவி எப்போதும் வெளியே, வாசிக்கத் தயாராக இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்து, ஒயர் மாட்டி, ஸ்டாண்ட் விரிக்க பத்து நிமிடம் ஆகும் என்றால், வேலை முடிந்து வந்த யாரும் அதைத் தொட மாட்டார்கள். தூசிக்கு ஒரு பருத்தித் துணி போதும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

அடுத்து அடாப்டர். அதிகம் செலவு வைக்கும் தப்பு இங்கேதான் நடக்கிறது. அடாப்டர் தொலைந்தால், முனை பொருந்துகிறதே என்று ரவுட்டரின் அடாப்டரையோ செட்டாப் பாக்ஸின் அடாப்டரையோ மாட்டிவிடுகிறோம். முனை பொருந்தினால் போதாது, மூன்று விஷயம் பொருந்த வேண்டும். வோல்ட் அளவு கருவியில் அச்சிட்டிருப்பதுதான் இருக்க வேண்டும், 9, 9.5, 12 என்று மாடலுக்கு மாடல் மாறும். ஆம்பியர் அதே அளவு அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக் கூடாது. மூன்றாவது, பிளஸ் - மைனஸ் முனை. பழைய கேசியோ மாடல்கள் பலவற்றில் நடுமுனை மைனஸ். யமஹாவில் நடுமுனை பிளஸ். கருவியின் பின்னால் சின்ன வட்டப் படமாக இதைப் போட்டிருப்பார்கள். மாற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் போர்டு போய்விடலாம். அந்த ரிப்பேர் செலவில் இரண்டு ஒரிஜினல் அடாப்டர் வாங்கலாம்.

கரண்ட் போனால்? சிறிய கீபோர்டுகள் பல ஆறு பேட்டரியில் ஓடும். இன்வெர்ட்டரில் ஓடும்போது 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் கேட்டால், பேட்டரியில் போட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பிரச்சினை கருவியில் இல்லை, மின்சாரத்தில்.

தொட வேண்டிய ஆறு செட்டிங்

1. டச் ரெஸ்பான்ஸ். ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்கன் போன்ற சில ஒலிகளில் இது இயல்பாகவே வேலை செய்யாது, அதனால் பியானோ ஒலியில் வைத்துச் சோதியுங்கள். அழுத்தத்தில் இரண்டு மூன்று நிலைகள் இருந்தால், தொடங்குபவருக்கு நடு நிலை சரி.

2. பின்னணி இசை. "இடது பக்கக் கட்டை வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் திரும்பும் கருவிகளில் பலவற்றுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. ஆட்டோ அக்கம்பனிமென்ட் ஆன் ஆகியிருக்கும், அவ்வளவுதான். யமஹாவில் 'ஏசிஎம்பி' என்ற பட்டன். அது ஆன் ஆனால் இடது பக்கக் கட்டைகள் சுரம் வாசிக்காது, கார்டு பிடிக்க மட்டும் ஒதுக்கப்பட்டுவிடும். முதல் மூன்று மாதம் இதை ஆஃப் செய்து வையுங்கள். கருவியே எல்லாம் வாசித்துக் கொடுத்தால் உங்கள் இடது கைக்கு வேலை இருக்காது.

3. மெட்ரோனோம். கற்பவர்கள் அதிகம் வெறுக்கும் பட்டன், அதிகம் உதவும் பட்டனும் அதுதான். நிமிடத்துக்கு 60 தட்டில் ஆரம்பியுங்கள். தப்பில்லாமல் மூன்று முறை வாசித்த பிறகு 4 தட்டு கூட்டுங்கள். பாட்டின் நிஜ வேகத்துக்கு ஒரே நாளில் போக நினைத்தால் விரல் தப்பையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

4. டிரான்ஸ்போஸ். பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். ஏன் என்பதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

5. டியூனிங். 440 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். உலகம் முழுக்க இதுதான் பொது அளவு. வீட்டில் பழைய ஆர்மோனியமோ, ஸ்ருதிப் பெட்டியோ, ஒரு நாதஸ்வரமோ இருந்து, கூட வாசிக்கும்போது கொஞ்சம் பிசிறினால் மட்டும் இதைத் தொடுங்கள். ஆர்மோனியத்தை நாம் திருக முடியாது. கீபோர்டை ஓரிரண்டு ஹெர்ட்ஸ் ஏற்றி இறக்கி அதோடு சேர்க்கலாம். முடித்ததும் 440-க்குத் திரும்புங்கள்.

6. ஆட்டோ பவர் ஆஃப். சுமார் அரை மணி நேரம் தொடாவிட்டால் பல மாடல்கள் தானாக அணைந்துவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம். யமஹா மாடல்கள் பலவற்றில் இடது கோடிக் கட்டையை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் இந்த வசதி ரத்தாகும். அதே போல, வலது கோடி வெள்ளைக் கட்டையை அழுத்தியபடி ஆன் செய்தால் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பும். எதைத் தொட்டு என்ன ஆனது என்றே புரியவில்லை என்றால் இதுதான் கடைசி வழி. நீங்கள் சேமித்து வைத்தவையும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கட்டைக் கணக்கும் டிரான்ஸ்போஸ் ஆசையும்

நம் ஊரில் பாடகரிடம் 'என்ன ஸ்கேல்?' என்று கேட்டால் 'ஒன்றரைக் கட்டை', 'ஐந்து கட்டை' என்பார். கீபோர்டில் இதைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். சி என்ற வெள்ளைக் கட்டை 1 கட்டை. அதற்கு வலது பக்கக் கறுப்பு ஒன்றரை. டி 2, அடுத்த கறுப்பு இரண்டரை, ஈ 3. எஃப் 4, கறுப்பு நாலரை, ஜி 5, கறுப்பு ஐந்தரை, ஏ 6, கறுப்பு ஆறரை, பி 7. மூன்றரை மட்டும் இல்லை, காரணம் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது.

இப்போது டிரான்ஸ்போஸ். நீங்கள் 1 கட்டையில் மட்டுமே பழகியிருக்கிறீர்கள். பாடுபவர் 5 கட்டை. டிரான்ஸ்போஸை +7 அல்லது -5 என்று வைத்தால், நீங்கள் சி-யை அழுத்தினாலும் ஜி ஒலிக்கும். பழகிய அதே விரல்கள், வேறு ஸ்ருதி. அற்புதமான வசதி, அதே அளவுக்கு ஆபத்தும்கூட.

ஏன் ஆபத்து? முதல் காரணம், விரல் ஒரே ஸ்கேலில் நின்றுவிடும். ஐந்து வருடம் வாசித்தவருக்கும் சி-யைத் தவிர வேறு தெரியாத நிலை வரும். இரண்டாவது காரணம், காதும் கண்ணும் பிரிந்துவிடும். கண் சி என்கிறது, காது ஜி கேட்கிறது. கிடார் வாசிப்பவர் உங்கள் கையைப் பார்த்து சி பிடித்தால் இரண்டும் மோதும். மூன்றாவது காரணம், மறதி. சில மாடல்கள் அணைத்து ஆன் செய்தால் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். சில நினைவில் வைத்திருக்கும். அடுத்த நாள் மேடையில் முதல் சுரம் அடிக்கும்போதுதான் தெரியும்.

மேடையில் அவசரத்துக்கு டிரான்ஸ்போஸ் பயன்படுத்துவதில் எந்த வெட்கமும் இல்லை. தொழில்முறைக் கலைஞர்களே பயன்படுத்துகிறார்கள். வீட்டுப் பயிற்சியில் மட்டும் அதைத் தொடாதீர்கள். மாதத்துக்கு ஒரு புது கட்டை என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் பன்னிரண்டும் முடிந்துவிடும்.

கர்னாடக சங்கீதம் கீபோர்டில் வருமா?

வரும், ஒரு எல்லை வரை. அந்த எல்லை என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

சரளி வரிசையில் எல்லோரும் தொடங்கும் ராகம் மாயாமாளவகௌளை. 1 கட்டையில் அதன் சுரங்கள் கீபோர்டில் இப்படி: ச - சி, ரி - சி பக்கத்துக் கறுப்பு, க - ஈ, ம - எஃப், ப - ஜி, த - ஜி பக்கத்துக் கறுப்பு, நி - பி. ரி-க்குப் பிறகு இரண்டு கட்டை தாண்டி க, த-வுக்குப் பிறகு இரண்டு கட்டை தாண்டி நி. இந்த இடைவெளிகளைப் பிடித்துக்கொண்டால், டிரான்ஸ்போஸ் இல்லாமலே 5 கட்டைக்குப் போகலாம்: ஜி, அதன் கறுப்பு, பி, சி, டி, டி-யின் கறுப்பு, எஃப்-பின் கறுப்பு. பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை இதை வாசித்தால், பாடும் சுரம் சரியா என்று தானே பார்த்துக்கொள்ளலாம்.

எல்லை எங்கே வருகிறது? கமகத்தில். நம் இசையில் சுரங்கள் தனித்தனி படிகளாக நிற்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அசைந்து போகும். கட்டை வாத்தியத்தில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. ஆர்மோனியத்தின் மேல் இதே குற்றச்சாட்டுதான் வந்தது. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்கே தடை போட்டது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

கூடவே அளவு வித்தியாசமும் உண்டு. கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பங்கும் 100 சென்ட். அதில் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கும். தம்புராவின் நாதத்தில் இயல்பாகக் கேட்கும் காந்தாரம் சுமார் 386 சென்ட். பதினான்கு சென்ட் பெரிய வித்தியாசமா? தனியாகக் கேட்டால் தெரியாது. தம்புராவோடு நீட்டிக் கேட்டால் காது சொல்லிவிடும்.

கீபோர்டு இதற்கு ஓரளவு பதில் வைத்திருக்கிறது. 'பிட்ச் பெண்ட்' என்ற சக்கரத்தை உருட்டினால் சுரம் வழுக்கிப்போகும். பொதுவாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வரை. கே.சத்தியநாராயணன் போன்றவர்கள் கீபோர்டிலேயே முழுக் கச்சேரி செய்கிறார்கள். அதற்குப் பின்னால் பல வருட சாதகம் இருக்கிறது. தொடங்குபவருக்கான அறிவுரை இதுதான்: சுர ஸ்தானம் பழக கீபோர்டு நல்லது, ராகம் பழக குரலும் குருவும் வேண்டும்.

போனோடு இணைப்பது எப்படி?

பெரும்பாலான கீபோர்டுகளின் பின்னால் சதுரமாக ஒரு யுஎஸ்பி துளை இருக்கும். பிரிண்டருக்குப் பயன்படும் அதே கேபிள்தான் இதற்கும். மறுமுனையில் ஒரு ஓடிஜி கனெக்டர் போட்டு ஆண்ட்ராய்டு போனில் மாட்டலாம். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே போனில் இதற்கான ஆதரவு இருக்கிறது. ஐபோனில் 15-வது மாடல் முதல் யுஎஸ்பி-சி. அதற்கு முந்தையவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

இந்தக் கேபிளில் போவது பொதுவாகச் சத்தம் அல்ல, தகவல். எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், எப்போது விட்டீர்கள் என்ற குறிப்புகள். இதற்குப் பெயர் மிடி. 1983-ல் வந்த தொழில்நுட்பம். அழுத்தும் வேகத்தை 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக அனுப்புகிறது. அதனால்தான் மிடியில் பதிவு செய்த பாட்டில் ஒரு தப்புச் சுரத்தை மட்டும் பிறகு திருத்த முடிகிறது. பேண்ட்லேப், காரேஜ்பேண்ட் போன்ற இலவச ஆப்களில் பதிவு செய்யலாம்; மியூஸ்ஸ்கோரில் இசைக்குறிப்பாக எழுதலாம்.

இணைத்ததும் இரண்டு குழப்பம் வரும். ஒரு கட்டைக்கு இரண்டு சத்தம் கேட்டால், கருவியும் ஆப்பும் சேர்ந்து ஒலிக்கின்றன என்று அர்த்தம். 'லோக்கல் கன்ட்ரோல்' என்ற செட்டிங்கை ஆஃப் செய்யுங்கள். போனை எடுத்த பிறகு கீபோர்டில் சத்தமே வரவில்லை என்றால், அதே செட்டிங்கை ஆன் செய்ய மறந்திருப்பீர்கள்.

புளூடூத் ஹெட்போனில் கேட்டு வாசிப்பது வேண்டாம். விரல் பட்டு, கொஞ்சம் தாமதித்துத்தான் சத்தம் வரும். பாட்டு கேட்கும்போது தெரியாத அந்தத் தாமதம், வாசிக்கும்போது தாளத்தையே கெடுக்கும். ஒயர் ஹெட்போன்தான் சரி. துளை பெரியதாக இருந்தால் 6.35 மில்லிமீட்டர் கன்வெர்ட்டர் கேட்டு வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு, பக்கத்து வீட்டை எழுப்பாமல் வாசிக்க முடிவதுதான் இந்தக் கருவியின் பெரிய வரம். ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும்.

சட்டென்று தீர்க்க...

- பெடல் தலைகீழாக வேலை செய்கிறதா? வேறு கம்பெனி பெடலாக இருக்கலாம். கருவியை அணைத்து, பெடலை மாட்டி, கால் வைக்காமல் ஆன் செய்யுங்கள். பல மாடல்கள் தானாகச் சரிசெய்துகொள்ளும்.
- லேப்டாப்பை இணைத்தால் இரைச்சலா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.
- ஒரு கட்டை மட்டும் பெரிய சத்தமா? உள்ளே ரப்பர் தொடுமுனையில் தூசி இருக்கலாம். தண்ணீரோ ஸ்ப்ரேயோ அடிக்காதீர்கள். சர்வீசில் சுத்தம் செய்து தருவார்கள்.
- நீண்ட நாள் வைக்கப்போகிறீர்களா? பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே அரித்துவிடும்.

செட்டிங் நம் கையில், வகுப்பு யார் கையில்?

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வீட்டுக்குள் செய்யக்கூடியது. வீட்டால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது.

களிமண் வாங்கிக் கொடுத்தால் மட்டும் பொம்மை ஆகிவிடாது. பக்குவம் சொல்ல ஆள் வேண்டும், சுட சூளை வேண்டும். விருத்தாசலத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கானுக்கு ஒரு தொழிற்பேட்டை, ஒரு படிப்பு என்று அரசு கூட நின்றதால்தான் 'பீங்கான் நகரம்' என்ற பெயர் நிலைத்தது. இசையில் நாம் செய்வது நேர்மாறு. கருவி மட்டும் கூரியரில் வருகிறது, மற்றது உன் பாடு என்கிறோம்.

ரஹ்மான் கதையை அடிக்கடி சொல்கிறோம். தந்தை ஆர்.கே.சேகர் இறந்த பிறகு, வீட்டில் இருந்த இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. அந்தப் பையன் கீபோர்டு வாசிப்பவராகத் தொடங்கி 1992-ல் 'ரோஜா'வுக்கு வந்தார். இதைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும் பார்ப்பது பாதி உண்மை. வீட்டிலேயே கருவி இருந்தது, அதை வாசிப்பவர்கள் வந்துபோனார்கள், கோடம்பாக்கம் பக்கத்தில் இருந்தது. திறமைக்கு அருகாமை துணை நின்றது. அந்த அருகாமை விருத்தாசலத்துக்கும் திட்டக்குடிக்கும் பண்ருட்டிக்கும் இல்லை.

பெரிய கல்லூரி கட்டச் சொல்லவில்லை. மூன்று சின்ன விஷயம் போதும்.

முதலாவது, மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் பாடப் பட்டியலில் கீபோர்டைச் சேர்க்கலாம். வெள்ளைக்காரன் வாத்தியம் என்ற வாதம் எடுபடாது. வயலினும் அப்படி வந்ததுதான். இன்று அது இல்லாத கச்சேரி அபூர்வம்.

இரண்டாவது, வார இறுதி வகுப்பு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கலை வகுப்புகள் நடத்துகிறது. அதை மாவட்டத் தலைநகரைத் தாண்டி, விருத்தாசலம் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி அறைக்குக் கொண்டுவரலாம். ஊரில் ஏற்கெனவே வாசிக்கும் மெல்லிசைக் கலைஞர்களுக்கும் தேவாலய இசைக் கலைஞர்களுக்கும் மதிப்பூதியம் கொடுத்து ஆசிரியராக்கலாம். கருவி தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு அறையும் சம்பளமும்தான் இல்லை.

மூன்றாவது, கிளை நூலகத்தில் ஒரு கீபோர்டு, ஒரு ஹெட்போன். நூலகத்தில் சத்தம் கூடாது என்ற விதியை மீறாத ஒரே வாத்தியம் இதுதான். வாங்க வசதியில்லாத பிள்ளை அரை மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கலாம். வாங்க நினைக்கும் பெற்றோர், பிள்ளைக்கு நிஜமாகவே ஆர்வம் இருக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பீரோ மேலே ஏறும் பெட்டிகள் குறையும்.

இதெல்லாம் நடக்க நாள் ஆகலாம். அதுவரை உங்கள் வீட்டு பீரோ மேலே இருப்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். ஆட்டோ அக்கம்பனிமென்ட் ஆஃப், டிரான்ஸ்போஸ் பூஜ்ஜியம், மெட்ரோனோம் 60. தினம் பதினைந்து நிமிடம். முப்பது நாள் கழித்தும் பிடிக்கவில்லை என்றால் ஓஎல்எக்ஸில் விற்றுவிடுங்கள், தப்பே இல்லை. அந்தப் பெட்டி இன்னொரு வீட்டில் திறக்கும்.